விளிம்பும் மதிப்பீடும்: உயர்நிலை ஸ்கீ பயிற்றுநர் தேர்வுக்கான ஸ்கீயைத் தேர்ந்தெடுத்தல்

பனிச்சரிவில் ஸ்கீ ஓட்டக் கற்றுத்தருவோரின் தகுதியைச் சோதித்துச் சான்றளிக்கும் அமைப்புகளுள் கனடாவின் ஸ்கீ பயிற்றுநர் கூட்டமைப்பு 1938இலும், அமெரிக்கத் தொழில்முறை ஸ்கீ பயிற்றுநர் சங்கம் 1961இலும் தோன்றியவை. அமெரிக்கச் சங்கம் தன் சான்றிதழை மூன்று படிகளாக வகுத்துள்ளது. கனடாவிலும் பிரிட்டனிலும் அது நான்கு படிகளாக உள்ளது. உச்சிப்படிக்கான தேர்வு பல ஆண்டுப் பயிற்சியைக் கேட்பதால், அதற்கு ஆயத்தமாகும் தேர்வர்கள் தங்கள் உத்தியைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கே, சில வேளைகளில் அதைவிடக் கூடுதலாகவும், காலில் மாட்டிச் செல்லவேண்டிய ஸ்கீயைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். எந்த நிறுவனத்தின் எந்த மாதிரி, எவ்வளவு நீளம், நடுப்பகுதியின் அகலம் எத்தனை மில்லிமீட்டர் என்று அக்கவலை விரியும்போது அது கடைக்காரர் தீர்த்துவைக்கக்கூடிய கேள்வியாகத் தோன்றுகிறது. ஆனால் தேர்வு எதை அளக்கிறது, எதைக் கொண்டு அளக்கிறது என்று பார்க்காமல் அதற்கு விடை சொல்ல முற்படுவோரின் விடைகள் ஒன்றோடொன்று முரண்படுவதே வழக்கமாக இருந்துவருகிறது.

உயர்நிலைத் தேர்வுகளில் சிலவற்றைக் கடிகாரம் அளக்கிறது. மற்றவற்றைக் கண் அளக்கிறது. கடிகாரம் அளப்பதற்குத் தெளிவான சான்று, ஆல்ப்ஸ் நாடுகளில் தடையின்றித் தொழில் செய்ய விரும்பும் பயிற்றுநர்கள் எதிர்கொள்ளும் யூரோடெஸ்ட் என்னும் வேகச் சோதனையாகும். இது ஜெயன்ட் ஸ்லாலம், அதாவது அகன்ற இடைவெளியில் நடப்பட்ட கம்பங்களைச் சுற்றி நீண்ட திருப்பங்களில் இறங்கும் பந்தயம், என்ற வடிவில் நடைபெறுகிறது. தேர்வர்களுக்கு முன்பாக இறங்கும் முன்னோட்ட வீரர்களின் நேரம் அவரவர் தரத்துக்கேற்பத் திருத்தப்பட்டு அடிப்படை நேரமாகக் கொள்ளப்படுகிறது. ஆண்கள் அந்நேரத்தைவிட 18 விழுக்காட்டுக்கு மேற்படாமலும், பெண்கள் 24 விழுக்காட்டுக்கு மேற்படாமலும் ஓட்டத்தை முடிக்கவேண்டும். அடிப்படை நேரம் 50 வினாடி என்றால் ஆண்களுக்கான எல்லை 59 வினாடி, பெண்களுக்கு 62 வினாடி. ஐரோப்பிய ஆணையம் 2019இல் வெளியிட்ட ஒழுங்குவிதி, இத்தகைய வேகச் சோதனையைப் பயிற்றுநர்களுக்கான பொதுத் தேர்வின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொண்டது. இங்கே ஸ்கீத் தெரிவைப் பற்றி நீண்ட விவாதத்துக்கு இடமில்லை. நீளமான, விறைப்பான, நன்கு மெழுகிட்ட ஜெயன்ட் ஸ்லாலம் ஸ்கீயே வேண்டும். அது எவ்வளவு விறைப்பானதாக இருக்கலாம் என்பதை மட்டும் தேர்வரின் எடையும் பந்தயப் பழக்கமும் தீர்மானிக்கின்றன.

கண் அளக்கும் தேர்வு அப்படிப்பட்டதன்று. அமெரிக்கச் சங்கத்தின் மூன்றாம் நிலைத் தேர்வை எடுத்துக்கொண்டால், மதிப்பீட்டாளர்கள் தேர்வர் குழுவோடு சேர்ந்து சரிவில் இறங்கி, ஐந்து அடிப்படைகளை முன்வைத்து அவர்களின் ஓட்டத்தைப் பார்க்கிறார்கள். உடலின் எடைமையத்தை ஸ்கீயின் நீளவாக்கில் முன்னும் பின்னுமாக நகர்த்தி அழுத்தத்தை ஆளுதல், ஒரு ஸ்கீயிலிருந்து மற்றதற்கு அழுத்தத்தை மாற்றித் திருப்பத்தின் வெளிப்புற ஸ்கீயில் நிலைநிறுத்துதல், முழு உடலின் சாய்வையும் மூட்டுகளின் மடிப்பையும் இணைத்து விளிம்புக் கோணத்தைக் கட்டுப்படுத்துதல், மேலுடலைச் சுழற்றாமல் கால்களை மட்டும் சுழற்றி ஸ்கீயைத் திருப்புதல், பனியும் ஸ்கீயும் மோதுவதால் எழும் அழுத்தத்தின் அளவைச் சீராக்குதல் ஆகியவையே அவை. ஒன்று முதல் ஆறு வரையிலான அளவுகோலில், தேவையான கூறுகள் போதுமான தரத்தில் தொடர்ந்து தென்பட்டால் கிடைக்கும் நான்கு என்னும் மதிப்பே தேர்ச்சிக்குரியது. இந்த அளவுகோலில் வேகத்துக்கென்று ஓர் இடமில்லை, அழகுக்கும் இல்லை. தேர்வர் ஒரு குறிப்பிட்ட அசைவால் ஒரு குறிப்பிட்ட விளைவை வேண்டுமென்றே உண்டாக்கினாரா என்பதே பார்க்கப்படுகிறது.

ஆகவே இத்தேர்வுக்கான ஸ்கீக்கு இருக்கவேண்டிய முதல் இயல்பு, ஓட்டுபவரின் முடிவைக் காட்டிக்கொடுப்பதாகும். தானாகத் திரும்பும் ஸ்கீ ஓட்டுபவருக்கு இன்பம் தரும்; ஆனால் அது தரும் திருப்பம் யாருடையது என்ற ஐயத்தை மதிப்பீட்டாளருக்கு எழுப்பும். இதைவிடக் கடினமான சிக்கல், ஒரே தேர்வில் கேட்கப்படும் செயல்கள் ஸ்கீயிடம் ஒன்றுக்கொன்று எதிரான குணங்களை வேண்டுவதாகும். விளிம்பின் மேலேயே நின்று இம்மியும் வழுக்காமல் இரட்டைக் கோடுகளைப் பனியில் கீறிச் செல்லும் கார்விங் திருப்பங்கள், விளிம்பே படாமல் அடிப்பரப்பில் வழுக்கியபடி சுழலும் பயிற்சிகள், பனிமேடுகள் நெருங்கிய மொகல் சரிவில் குறுந்திருப்பங்கள், செங்குத்தான பாதையில் வேகத்தைக் கட்டுப்படுத்திய இறக்கம், ஒற்றை ஸ்கீயில் நின்று ஓட்டுதல், தொடக்க மாணவருக்குக் காட்டுவதுபோல ஆப்பு வடிவில் தொடங்கி இணையாக முடியும் மந்தமான திருப்பம் என, பிராந்தியத்துக்குப் பிராந்தியம் சிறு வேறுபாடுகளோடு, இவை யாவும் ஒரே பருவத்தில், பெரும்பாலும் ஒரே இணை ஸ்கீயின் மேல் செய்து காட்டப்பட வேண்டியவை.

இம்முரணின் வேர் ஸ்கீயின் பக்கவளைவில் உள்ளது. ஸ்கீயை மேலிருந்து பார்த்தால் முனையும் வாலும் அகன்றும் நடுவே உள்ள இடை ஒடுங்கியும் இருக்கும். அந்த ஒடுக்கத்தை ஒரு வட்டத்தின் பகுதியாகக் கொண்டு அவ்வட்டத்தின் ஆரத்தை மீட்டரில் சொல்வது தயாரிப்பாளர் வழக்கம். 16 மீட்டர் ஆரமுள்ள ஸ்கீயை மிகச் சற்றே சாய்த்து அழுத்தினால் அது ஏறத்தாழ அந்த அளவிலேயே திரும்பும். விளிம்பில் மேலும் சாய்க்கும்போது, பனியைத் தொடும்வரை நடுப்பகுதி வளைந்து கொடுப்பதால், திருப்பம் சாய்வுக் கோணத்தின் கோசைனுக்கேற்பச் சுருங்கி, 60 பாகைச் சாய்வில் 8 மீட்டராகக் குறைகிறது. இந்த எளிய வடிவியலோடு வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஓர் உச்சவரம்பு தென்படுகிறது. உடலின் மடிப்புகளைக் கணக்கில் கொள்ளாமல் சமன்பாட்டை எழுதினால், 13 மீட்டர் ஆரமுள்ள ஸ்கீயில் தூய கார்விங் மணிக்கு ஏறத்தாழ 41 கிலோமீட்டர் வேகத்தோடு நின்றுவிடும். 17 மீட்டரில் அது 46 கிலோமீட்டராகவும், 30 மீட்டரில் 62 கிலோமீட்டராகவும் உயரும். உண்மையான ஓட்டம் இக்கணக்கைவிடச் சிக்கலானது என்றாலும், குறுகிய ஆரமுள்ள ஸ்கீ மெதுவான வேகத்தில் எளிதில் வட்டமிடுவதும், வேகம் கூடியதும் ஓட்டுபவரைத் தன் விருப்பத்துக்கு இழுப்பதும் ஏன் என்பதை அது விளக்கிவிடுகிறது. சாய்வு குறைந்த பாதையில் மந்தமாகச் செய்துகாட்டவேண்டிய இரட்டைக்கோட்டுப் பயிற்சிக்கு 13 மீட்டர் உதவும். ஒரே தடத்தில் நடுத்தரத் திருப்பங்களை வேகமாக இட்டுக்காட்டும்போது அதே ஸ்கீ திருப்பத்தை முன்னதாகவே முடித்துவிடத் துடிக்கும். 14 முதல் 17 மீட்டர் வரையிலான ஆரத்தை அனுபவமுள்ள பயிற்றுநர்கள் பரிந்துரைப்பதற்கு இதுவே காரணம்.

இடையின் அகலம் பற்றிய விவாதம் இதைவிடச் சூடானது. இடை 68 மில்லிமீட்டராக உள்ள ஸ்கீயில் பனியைக் கடிக்கும் விளிம்பு, காலணியின் நடுக்கோட்டிலிருந்து 34 மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது. 98 மில்லிமீட்டர் ஸ்கீயில் அது 49 மில்லிமீட்டர். இந்த 15 மில்லிமீட்டர் வேறுபாடு கடினமான பனியில் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் எதிராக ஒரு நெம்புகோலாக வேலை செய்து, ஸ்கீயை மீண்டும் தட்டையாக்க முயல்கிறது. ஸ்கீ உத்தியின் இயற்பியலை ஒளிப்படங்களால் விளக்கிய அமெரிக்க எழுத்தாளர் ரான் லெமாஸ்டர், விளிம்பையும் உடலின் விசைக்கோட்டையும் இணைத்துப் பார்க்கும் கோணமே விளிம்பின் பிடிப்பைத் தீர்மானிக்கிறது என்று தம் நூல்களில் எடுத்துக்காட்டினார். அகன்ற இடை அக்கோணத்தைத் தக்கவைப்பதற்கான உழைப்பைக் கூட்டுகிறது. ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாற ஆகும் நேரமும் அகலத்தோடு கூடுகிறது. குறுந்திருப்பங்களில் மதிப்பீட்டாளரின் கண் முதலில் போகும் இடம் அந்த மாற்றமே. மறுபக்கம், மென்பனியிலும் கலைந்த பனியிலும் ஒடுங்கிய ஸ்கீ ஆழத்தில் புதைந்து, ஓட்டுபவரை வால்பக்கம் உட்காரவைத்துவிடும் அபாயமும் உண்டு.

ஒடுங்கிய ஸ்கீக்கு இன்னொரு சிறு தொல்லையும் உண்டு. ஐஎஸ்ஓ 5355 என்னும் தரவிதி வயதுவந்தோரின் பூட்ஸ் அடிப்பாகத்தின் முன்பகுதிக்கு வகுத்துள்ள அகலம் ஏறத்தாழ 69 மில்லிமீட்டர். அதைவிட ஒடுங்கிய ஸ்கீயை மிகவும் சாய்த்தால் பூட்ஸ் பனியில் உரசி, விளிம்பு பிடியை இழக்கும். பந்தய ஸ்கீகளில், பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்குக்கு அடியில் உயர்த்தும் தகடு வைப்பது இதனால்தான். அத்தகடு கார்விங்குக்கு நெம்புவிசையைத் தந்தாலும், ஸ்கீயின் நடுப்பகுதியை மேலும் விறைப்பாக்கி, மொகல் சரிவில் ஓட்டுபவரைப் பனியிலிருந்து விலக்கிவைக்கிறது.

நீளத்தைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. மோவாய்க்கும் நெற்றிக்கும் இடைப்பட்ட உயரம் என்ற நடைமுறை அளவே பெரும்பாலோருக்குப் போதுமானது. அதில் எடை மிக்கவர் மேல் எல்லையையும் எடை குறைந்தவர் கீழ் எல்லையையும் நாடுவர். விறைப்பே நுட்பமானது. ஸ்கீயின் விறைப்பு நீளவாக்கு, முறுக்குவாக்கு என இருவகைப்படும். முன்னது முனைமுதல் வால்வரை ஸ்கீ எவ்வளவு எளிதாக வளைகிறது என்பதையும், பின்னது சாய்த்த ஸ்கீயின் முனை, பனியின் எதிர்ப்பால் முறுக்கிக்கொண்டு விளிம்புப் பிடியை விட்டுவிடாமல் எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்பதையும் காட்டுகின்றன. மர உள்ளகத்தின் மேலும் கீழும் உலோகத் தகடுகளை ஒட்டும் அடுக்குக் கட்டுமானம் இரண்டையும் கூட்டுகிறது. தயாரிப்பாளர்கள் டைட்டனல் என்று பெருமையோடு அச்சிடும் அந்த உலோகம் ஆஸ்திரியாவின் அமாக் நிறுவனம் உருவாக்கிய அலுமினியக் கலவையே. டைட்டானியம் என்று நம்பி அதிக விலை கொடுப்போர் இன்றும் உண்டு. உலோகத்தின் உண்மையான பயன் வலிமையைவிட, அதிர்வை அடக்குவதில் இருக்கிறது. கடின பனியில் நடுங்காத ஸ்கீ ஓட்டுபவரின் அசைவுகளைத் தெளிவாக்குகிறது; அதே உலோகத்தின் விறைப்பு, எடை குறைந்த தேர்வர் ஒருவரின் அழுத்தத்துக்கு ஸ்கீ வளைந்தே கொடுக்காமல் நின்றுவிடவும் காரணமாகலாம்.

பக்கத்திலிருந்து பார்க்கும்போது தெரியும் வளைவும் உண்டு. எடை ஏறாத நிலையில் நடுப்பகுதி தரையிலிருந்து உயர்ந்து நிற்பது கேம்பர். முனையோ வாலோ தொடு புள்ளிக்கு முன்பாகவே மேல்நோக்கி எழுவது ராக்கர். அமெரிக்க வீரர் ஷேன் மெக்கான்கியின் யோசனையில் வோலன்ட் நிறுவனம் 2002இல் வெளியிட்ட ஸ்பாட்டுலா என்னும் ஸ்கீ, ராக்கரை ஆழ்ந்த மென்பனிக்கான தீர்வாக்கிய பின், அதன் மிதமான வடிவம் எல்லாவகை ஸ்கீகளிலும் புகுந்துவிட்டது. தேர்வு நோக்கில், நடுவே கேம்பரும் முனையில் சிறிதளவே ராக்கரும் உள்ள ஸ்கீ ஏற்புடையது: முனை எழுந்திருப்பதால் சுழலும் பயிற்சிகளில் அது பனியைக் கொக்கிபோட்டு இழுப்பதில்லை, கேம்பர் இருப்பதால் திருப்பத்தின் முடிவில் வால் பிடிவிடுவதுமில்லை. வாலில் நிறைய ராக்கர் உள்ள ஸ்கீயில் திருப்பத்தின் பிற்பகுதி கரைந்துபோகும். தேர்வர் பின்னாலே சாய்ந்தாரா, ஸ்கீயே நழுவியதா என்பது பார்ப்பவருக்குப் புலப்படாது.

இவ்விவாதம் எல்லாத் தலைமுறைக்கும் உரியதன்று. 1950ஆம் ஆண்டு வாக்கில் ஹோவர்ட் ஹெட் உலோக ஸ்கீயைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோதும், அதே பத்தாண்டில் ஆஸ்திரியாவின் சாங்க்ட் கிறிஸ்டோஃபில் ஸ்டெஃபான் குருக்கன்ஹவுசர் குறுந்திருப்பங்களின் தொடரைப் பயிற்றுமுறையின் மையமாக்கியபோதும், ஸ்கீக்கு இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட நீளமும் மிகச் சிறிய பக்கவளைவும் இருந்தன. அன்றைய தேர்வர்களுக்குத் தெரிவு என்பது நீளமும் விறைப்பும் மட்டுமே. ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம் 1993இல் ஆழ்ந்த பக்கவளைவுள்ள எஸ்சிஎக்ஸ் ஸ்கீயை விற்கத் தொடங்கிய பின் சில ஆண்டுகளிலேயே பயிற்றுமுறை நூல்கள் மாற்றி எழுதப்பட்டன. கார்விங் தேர்வுச் செயலாகியது. சுழற்றலும் வழுக்கலும் கூடவே தேர்வில் நிலைத்தன. அவை பழமைப் பற்றால் நிலைக்கவில்லை. பக்கவளைவு தானே செய்துதரும் திருப்பத்தை மட்டும் அறிந்தவரால், பயந்து நிற்கும் ஒரு மாணவரைச் செங்குத்தான சரிவிலிருந்து பாதுகாப்பாக இறக்க முடியாது என்பதாலேயே நிலைத்தன.

அந்த வழுக்கலின் உச்சப் பரீட்சை பிவட் ஸ்லிப் எனப்படும் பயிற்சியாகும். தேர்வர் ஒடுங்கிய ஒரு தடத்துக்குள், நீர் ஓடும் வழியாகிய நேர்ச்சரிவுக் கோட்டிலேயே கீழ்நோக்கி வழுக்கியபடி, மேலுடலைப் பள்ளத்தாக்கை நோக்கி அசையாமல் நிறுத்தி, தொடை மூட்டில் கால்களை மட்டும் சுழற்றி, சரிவுக்குக் குறுக்காகக் கிடக்கும் ஸ்கீகளை மறுபக்கக் குறுக்குக்கு 180 பாகை திருப்ப வேண்டும். திருப்பத்தின் எக்கட்டத்திலும் விளிம்பு பனியைக் கடித்துவிட்டால் உடல் தடத்தைவிட்டுப் பக்கவாட்டில் பாய்ந்துவிடும். கால்சுழற்சி, தட்டையான ஸ்கீ, நடுநிலையான நிற்றல் ஆகிய மூன்றையும் ஒருங்கே அம்பலப்படுத்தும் இப்பயிற்சியில் தோற்றவர்கள் ஸ்கீயைக் குறைசொல்வது வழக்கம். அவர்களின் முறையீட்டில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் குற்றம் பெரும்பாலும் ஸ்கீயின் மாதிரியில் இல்லை, அதன் விளிம்பு தீட்டப்பட்ட விதத்தில் இருக்கிறது.

ஸ்கீயின் எஃகு விளிம்புக்கு இரு முகங்கள் உண்டு: அடிப்பரப்போடு சேர்ந்த கீழ்முகம், பக்கவாட்டு முகம். கீழ்முகத்தை அடிப்பரப்பின் தளத்திலிருந்து அரை பாகையோ ஒரு பாகையோ மேல்நோக்கிச் சீவுவது அடிச்சீவல். பக்க முகத்தை 2 அல்லது 3 பாகை உட்புறம் சாய்த்துச் சீவுவது பக்கச்சீவல். அடிச்சீவல் 1 பாகையும் பக்கச்சீவல் 3 பாகையும் என்றால் எஃகின் கூர்முனை 88 பாகையாகவும், அடிச்சீவல் அரை பாகை என்றால் 87.5 பாகையாகவும் அமையும். கூர்மையை நாடுவோர் பக்கச்சீவலைக் கூட்டலாம். அதனால் வழுக்கல் கெடுவதில்லை. அடிச்சீவலே எவ்வளவு சாய்த்த பின் விளிம்பு பனியைத் தொடும் என்பதைத் தீர்மானிப்பது. அரை பாகைச் சீவலுள்ள பந்தய ஸ்கீயில், தேர்வர் அறியாமல் கணுக்கால் சற்றே சாய்ந்தாலும் விளிம்பு கடித்துவிடும்; ஒரு பாகை, அந்தச் சிறு நடுக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும் இடைவெளியைத் தருகிறது. ஆகவே பந்தயத்துக்கு உகந்த சீவல் தேர்வுக்கும் உகந்தது என்ற எண்ணம் தவறானது. கடின பனியில் பிடிப்பு வேண்டுமானால் அதைப் பக்கச்சீவலிலிருந்து பெறுவதே முறை.

அடிப்பரப்பின் தட்டைத்தன்மை இதைவிட முக்கியமானது, கவனிக்கப்படுவதோ குறைவு. தீட்டும் மேசையில் ஸ்கீயைத் தலைகீழாகப் பிடிப்பானில் இறுக்கி, உண்மைத்தகடு எனலாகும் நேரான எஃகுத் துண்டு ஒன்றை அடிப்பரப்பின் குறுக்கே நிறுத்தி, விளக்கின் பக்கமாகப் பார்த்தால் போதும். தகட்டின் நடுப்பகுதிக்கு அடியில் நூல்போல ஒளி கசிந்தால் அடிப்பரப்பு குழிந்திருக்கிறது, அதாவது விளிம்புகள் இரு தண்டவாளம்போல உயர்ந்து நிற்கின்றன. ஒளி ஓரங்களில் கசிந்தால் நடுப்பகுதி புடைத்திருக்கிறது. குழிந்த ஸ்கீயில் எந்தக் கைத்தேர்ந்த பயிற்றுநராலும் பிவட் ஸ்லிப்பைச் சீராகச் செய்துகாட்ட இயலாது. புடைத்த ஸ்கீயிலோ வழுக்கல் எளிதாகும், கார்விங் தொடக்கம் மங்கும். புதிதாக வாங்கிய ஸ்கீயிலும் இக்குறைகள் இருக்கக்கூடும் என்பதால், கடைப்பெட்டியிலிருந்து எடுத்த ஸ்கீயை அப்படியே தேர்வுக்குக் கொண்டுசெல்வது துணிச்சலன்று, கவனக்குறைவு. இயந்திரத்தில் அரைத்துத் தீட்டிய உடனே விளிம்பில் தொங்கும் மயிரிழைப் பிசிறும் அவ்வாறே ஆபத்தானது. அதை ரப்பர் கல்லால் தேய்த்து நீக்கி, முனையிலும் வாலிலும் பனியைத் தொடும் புள்ளிக்கு அப்பாலுள்ள சில சென்டிமீட்டர்களின் கூர்மையைச் சற்றே மழுக்கி, தேர்வுக்கு ஒரு நாளாவது முன்பாக ஓட்டிப் பார்க்காமல் நம்பக்கூடாது என்பது பட்டறைக்காரர்களின் பொது அறிவு.

மொகல் சரிவு தேர்வரைப் பெரிதும் வீழ்த்தும் களம். மேட்டின் முகட்டில் ஸ்கீயின் இரு முனைகளும் காற்றில் நிற்க, நடுப்பகுதி மட்டும் பனியில் ஊன்றுகிறது. பள்ளத்தில் முனையும் வாலும் ஊன்ற, நடுப்பகுதி தொங்குகிறது. விறைப்பான வால், பள்ளத்தின் மறுபக்கச் சுவரில் மோதி ஓட்டுபவரை முன்னோக்கி எறியும். மிகவும் இளகிய முனை சுவரில் மடங்கி வேகத்தை விழுங்கும். குறுகிய ஆரமும் அகன்ற முனையும் சேர்ந்த ஸ்கீ, பள்ளத்தின் பக்கங்களில் உள்முனையை மாட்டிக்கொள்ளும். மொகல் போட்டிக்கென்றே செய்யப்படும் ஸ்கீ ஒடுங்கியும் நேராகவும் இருப்பது இதனாலே என்றாலும், கார்விங்கில் அது பயன்படாததால் தேர்வுக்கு அதை எடுத்துச்செல்வோர் அரிது. ஸ்கீயை மாற்றுவதால் மொகல் ஓட்டம் திருந்திவிடாது; ஆனால் விறைப்பு மிக்க பந்தய ஸ்கீ ஏற்கெனவே தடுமாறும் ஓட்டத்தை மேலும் கெடுக்கும் என்பதில் ஐயமில்லை.

மெதுவான செயல்விளக்கங்களை ஸ்கீத் தெரிவின்போது நினைத்துப் பார்ப்போர் மிகக் குறைவு. ஆப்பு வடிவில் தொடங்கி இணையாக முடியும் திருப்பத்தை நடைவேகத்தில் காட்டும்போது, ஆழ்ந்த பக்கவளைவுள்ள ஸ்கீகளின் அகன்ற முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏற முயல்கின்றன; விறைப்பான ஸ்கீ அவ்வேகத்தில் வளைய மறுத்து, தேர்வரை உடலைச் சுழற்றித் திருப்பத் தூண்டுகிறது. மூன்றாம் நிலைச் சான்றிதழ் பந்தய வீரரை அன்று, பயிற்றுநரை உருவாக்கும் சான்றிதழ் என்பதை இங்கே தேர்வர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இடமும் பருவமும் கணக்கில் வரவேண்டியவை. அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் மழையும் உறைபனியும் மாறிமாறிப் பாதையைப் பளிங்குபோல் இறுக்கிவிடுவதால், 68 முதல் 76 மில்லிமீட்டர் இடையுள்ள ஸ்கீயோடு வருவோரே அங்கு மிகுதி. ராக்கி மலைகளின் உலர்ந்த மென்பனியில் 80 முதல் 90 மில்லிமீட்டர் வரை இயல்பானது. கலிபோர்னியாவின் சியரா மலைகளில் பெய்யும் கனத்த ஈரப்பனி, அதற்கும் மேற்பட்ட அகலத்தை நாடவைக்கிறது. எடுத்துக்காட்டாக, சுவிட்சர்லாந்தின் ஸ்டாக்லி நிறுவனத்தின் லேசர் ஏஎக்ஸ் 78 மில்லிமீட்டர் இடையோடு நடுவழியில் நிற்க, பிளிஸார்டின் பிரம்மா 88 பெயரிலேயே தன் அகலத்தைச் சொல்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வட்டத்துக்குள் ஏறத்தாழ எல்லா நிறுவனங்களுக்கும் தகுதியான மாதிரி ஒன்று இருப்பதால், பெயரைப் பற்றிய சண்டை வீணானது. இரண்டு இணை ஸ்கீகளைக் கொண்டுவந்து பனி எப்படியிருக்கிறது என்று பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்போரும் உண்டு. பனிப்புயல் கொட்டிய காலையில் அவர்கள் நல்வாய்ப்புடையவர்கள். ஆனால் பயிற்சிக் காலத்தையே இரண்டாகப் பிளந்து, இரண்டில் எதனோடும் முழுப் பழக்கம் வராமல் போனவர்களின் எண்ணிக்கையும் சிறிதன்று.

ஸ்கீக்கு மேலிருக்கும் பொருள்களும் ஸ்கீயின் நடத்தையை மாற்றிவிடுகின்றன. பைண்டிங்கின் குதிப்பகுதி முன்பகுதியைவிட உயர்ந்திருக்கும் அளவு, நிற்பவரை முன்னோக்கிச் சாய்க்கிறது. 300 மில்லிமீட்டர் பூட்ஸ் அடிப்பாகத்தில் 5 மில்லிமீட்டர் உயர வேறுபாடு 0.95 பாகைச் சாய்வைத் தரும்போது, அதே பைண்டிங் 260 மில்லிமீட்டர் பூட்ஸில் 1.1 பாகையாகிறது. சிறிய பாதமுள்ளோர், குறிப்பாகப் பெண் தேர்வர்கள், ஒரே ஸ்கீயில் ஆண்களைவிடக் கூடுதலாக முன்சாய்ந்து நிற்க நேர்வதை மதிப்பீட்டுக் குறிப்புகளில் உத்திப் பிழையாக எழுதுவது நியாயமன்று. ஆனாலும் அது நடக்கிறது. ஸ்கீ மாற்றும்போது பைண்டிங்கும் மாறுவதால், புதிய ஸ்கீயில் நிற்றல் குலைந்ததற்கு ஸ்கீயைப் பழிப்பவர்கள் முதலில் அந்த மில்லிமீட்டர்களை அளந்து பார்க்கவேண்டும். பூட்ஸின் பொருத்தமோ ஸ்கீயைவிட ஒரு படி மேலானது. பூட்ஸில் கால் ஆடினால், எந்த விளிம்பும் ஓட்டுபவரின் சொல்லைக் கேட்காது.

பயிற்றுநர்களுக்குத் தயாரிப்பாளர்கள் தரும் தொழில்முறைச் சலுகை விலை, தெரிவை மௌனமாக வளைக்கிறது. சலுகையில் கிடைப்பதே சிறந்தது என்று தன்னைத் தேற்றிக்கொள்ளும் மனப்போக்கு, விறைப்பான உச்சவிலை மாதிரிகளைத் தகுதிக்கு மீறி வாங்கவைக்கிறது. அவை சலுகையில் மலிவாகத் தோன்றுவதே அதற்குக் காரணம். எப்படி வாங்கினாலும், பருவத்தின் தொடக்கத்திலிருந்தே அதே ஸ்கீயில் பழகவேண்டும். தேர்வுகள் பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வருவதால், சனவரியின் இறுகிய பனியில் சீர்செய்யப்பட்ட ஸ்கீ, மதியம் உருகிக் கூழாகும் இளவேனிற்பனியை எதிர்கொள்ள நேர்கிறது. அப்போது அடிப்பரப்பு நீரோடு ஒட்டிக்கொள்வதால், சுழற்றும் பயிற்சிகளில் ஸ்கீ திடீரென நின்று தேர்வரை முன்னோக்கி இழுக்கும். அடிப்பரப்பில் நீரை வெளியேற்றும் நுண்கோடுகளை ஆழமாகச் செதுக்கி, வெப்பப் பனிக்கான மெழுகைத் தேர்வுக்கு முந்தைய மாலையில் பூசி, ஆறிய பின் சுரண்டி, நன்கு தூரிகையிட்ட ஸ்கீயிலேயே அந்த ஒட்டல் குறையும். இளவேனிலில் தேர்வெழுதுவோர் விளிம்புக்குச் செலவிடும் நேரத்தில் பாதியையேனும் அடிப்பரப்புக்கு ஒதுக்கவேண்டியது அதனால்தான்.